கை பழகும் இடம் எது? குமரி மாவட்ட நர்சிங் கல்லூரிகளின் முன்னுள்ள தெரிவுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நர்சிங், பிசியோதெரபி போன்ற படிப்புகளை நடத்தும் கல்லூரிகள் செய்முறைப் பயிற்சிக்கென்று ஒரு தொகையை ஒதுக்கும்போது, நிர்வாகக் குழுவின் பேச்சு பெரும்பாலும் நோயாளிக்குப் பதிலாக வைத்துப் பழகும் பொம்மைகளில் எதை வாங்குவது என்று தொடங்கி, விலைப்பட்டியலைப் புரட்டுவதோடு முடிந்துவிடுகிறது. கல்குளம் வட்டாரத்தில் உள்ள ஒரு நர்சிங் கல்லூரியில் பல ஆண்டுகள் பயிற்றுநராக இருந்தவள் என்ற முறையில், அத்தகைய கூட்டங்கள் சிலவற்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். வாங்க வேண்டிய பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன், மாணவியின் கை எங்கே, எத்தனை முறை, யார் முன்னிலையில் பழகப்போகிறது என்பதைப் பேசியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றியிருக்கிறது. அந்தப் பேச்சை இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

தெரிவுகளை ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். என் அளவுகோல் இதுதான்: படிப்பை முடித்து வெளியே வரும் ஒரு மாணவி ஒரு செயலைத் தன் கையால் எத்தனை முறை செய்திருக்கிறாள், ஒவ்வொரு முறையும் அவள் கையைப் பார்த்து அங்கேயே திருத்துவதற்கு ஒருவர் இருந்தாரா? இது என் சொந்த விருப்பம் மட்டுமன்று. பொம்மைகளையும் கருவிகளையும் கொண்டு நடக்கும் மருத்துவப் பயிற்சி எப்போது பலன் தருகிறது என்பதைப் பற்றி 2005ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு விரிவான ஆய்வுத் தொகுப்பு, 109 ஆய்வுகளை அலசிப் பார்த்து, பயிற்சியின் பலனுக்குக் காரணமாக மிகுதியான ஆய்வுகள் சுட்டியது மாணவருக்குக் கிடைக்கும் பின்னூட்டத்தையே என்றும், அதற்கு அடுத்தது திரும்பத் திரும்பச் செய்வது என்றும் கண்டது. பொம்மை எவ்வளவு தத்ரூபமானது என்பது அந்த இரண்டுக்கும் பின்னால்தான் வந்தது.

முதல் தெரிவு, நம் மாவட்டத்துக்கு மிகப் பழையதான மருத்துவமனை வார்டு. நெய்யூரில் 1838இல் லண்டன் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது; அந்த நூற்றாண்டிலேயே உள்ளூர் இளைஞர்களை மருத்துவ உதவியாளர்களாகப் பழக்கும் வேலையும் அங்கே நடந்தது. எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுக்களில் 1922இலும் 1924இலும் இடம்பெற்ற அறுவை மருத்துவர் சாமர்வெல் பின்னர் ஆண்டுக்கணக்கில் கத்தி பிடித்து நின்றதும் அதே நெய்யூரில்தான். நாகர்கோவிலில் ரட்சணிய சேனையின் கேதரின் பூத் மருத்துவமனை நூறாண்டைக் கடந்தது. ஆசாரிப்பள்ளத்தில் 2001இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பத்மநாபபுரம், குழித்துறை, குளச்சல், பூதப்பாண்டி ஆகிய ஊர்களின் அரசு மருத்துவமனைகளையும் சேர்த்தால், ஒரு சிறிய மாவட்டத்துக்கு இது குறைவான வளம் அன்று. இங்கே படுக்கைக்குப் பஞ்சமில்லை. படுக்கையின் அருகே மாணவிக்குக் கிடைக்கும் இடத்துக்குத்தான் பஞ்சம்.

வார்டு தருவதை வேறு எந்த இடமும் தர முடியாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டிக்கு வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்ற ரத்தநாளத்தில் செருகும் சிறு குழாய், போடுவதற்காக நின்ற காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கையை இறுக்கும் டூர்னிக்கெட் பட்டை கட்டியாயிற்று, தோல் காகிதம் போல மெல்லியது, நரம்பு விரலுக்குக் கீழே உருண்டு நழுவியது. பயிற்சிக்கான ரப்பர்க் கையில் பத்து முறை சரியாகக் குத்தியிருந்த அந்தப் பெண்ணின் விரல்கள் நடுங்கின. பாட்டி மறு கையால் அவள் மணிக்கட்டைத் தொட்டு, "பயப்படாத மக்களே, மெள்ள குத்து" என்றார். இடது கைப் பெருவிரலால் தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடி என்று நான் சொன்னேன். இழுத்துப் பிடித்ததும் நரம்பு நின்றது. ஊசி சரியாக நுழைந்ததற்கு அடையாளமாக, அதன் பின்முனையில் உள்ள சிறு கூட்டில் ரத்தம் ஏறியது. தோலை இழுத்துப் பிடிப்பதன் தேவையை ரப்பர்க் கை அவளுக்குக் கற்றுத் தந்திருக்கவில்லை, ஏனென்றால் ரப்பரில் நரம்பு நழுவுவதில்லை. தன் வலியை மறந்து ஆறுதல் சொல்லும் ஒரு நோயாளியின் முன்னால் பொறுப்புடன் நிற்பது எப்படி என்பதையும் எந்த ரப்பரும் கற்றுத் தராது.

ஆனால் அந்தக் காட்சி அமைவதற்கு ஒரு நோயாளி, ஒரு மாணவி, ஒரு பயிற்றுநர் என்ற கணக்கு வேண்டியிருந்தது. ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விகிதம். நடப்பில், ஒரே வார்டில் ஒரே காலைப் பொழுதில் இரண்டு மூன்று கல்லூரிகளின் சீருடைகள் தென்படும்போது, ஒரு கட்டிலைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்கிறார்கள்; ஒருத்தி செய்கிறாள், மற்றவர்கள் பார்க்கிறார்கள், செய்த செயல்களைப் பதியும் லாக் புக்கில் எல்லாருக்கும் அந்தச் செயல் ஏறிவிடுகிறது. லேபர் வார்டில் இது இன்னும் கடுமை. குழந்தை பெறும் தாய்மார்களின் எண்ணிக்கையை எந்தக் கல்லூரியும் பெருக்க முடியாது; அதிலும் பலர் தனியார் மருத்துவமனைக்குச் செல்கிறார்கள்; சிசேரியன் போக எஞ்சும் சுகப்பிரசவங்களை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்வது? மேலும் 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவு பெற்றிருந்த மாவட்டம் இது. "படிக்கிற பிள்ளை வேண்டாம், சிஸ்டரையே வரச் சொல்லுங்க" என்று சொல்வதற்கு நோயாளிக்கு முழு உரிமை உண்டு. அதை நான் குறையாகக் கருதவில்லை. முதல் முறை கைநடுக்கத்தை உயிருள்ள உடம்பின் மேல் தீர்த்துக்கொள்வது சரியா என்ற கேள்வியை அவர்கள்தான் நம்மிடம் கேட்கிறார்கள்.

வார்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. எது மிகவும் அவசரமோ அதில்தான் மாணவி ஒதுக்கி நிறுத்தப்படுகிறாள். இதயம் நின்றுபோன ஒருவரைக் கொண்டுவந்ததும், பிறந்த சிசு அழாமல் கிடந்ததும், வார்டில் முதலில் எழும் குரல் "ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் வெளியே போங்க" என்பதாகவே இருக்கும். அது நியாயமான குரல். ஆனால் அதே மாணவி ஓராண்டு கழித்து ஒரு சிறிய மருத்துவமனையின் இரவுப் பணியில் தனியாக நிற்கும்போது, அந்தச் சிசு அவள் கையில்தான் கிடக்கும்.

இந்த இடைவெளியை நிரப்புவதற்காக வந்ததுதான் இரண்டாம் தெரிவான சிமுலேஷன் ஆய்வகம், அதாவது நோயாளியின் நிலையைப் பொம்மையைக் கொண்டு நடத்திக் காட்டிப் பழகும் இடம். வாயோடு வாய் வைத்து மூச்சூதவும் மார்பை அழுத்தவும் பழகுவதற்காக நார்வே நாட்டின் லேர்டால் நிறுவனம் 1960இல் ரெசசி ஆன் என்ற பொம்மையை வெளியிட்டது. அந்த வழியில் வந்த இன்றைய பொம்மைகளுக்கு நாடி துடிக்கும், கண் பாவை சுருங்கும், மார்பு ஏறி இறங்கும், பக்கத்து அறையில் இருந்து ஒருவர் கணினி வழியே அதன் ரத்த அழுத்தத்தை வீழ்த்த முடியும். விலை பல பத்து லட்சங்களைத் தொடும். விற்க வருபவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் ஓர் ஆய்வு உண்டு: அமெரிக்காவில் 10 நர்சிங் கல்லூரிகளில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான அதில், வார்டு நேரத்தில் பாதி வரை சிமுலேஷனாக மாற்றிய பிறகும் மாணவர்களின் அறிவிலும் செயல்திறனிலும் உரிமத் தேர்வு முடிவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆய்வு நேர்மையானது, முடிவும் உண்மை. அதே ஆய்வில், பயிற்றுநர்கள் அதற்கென்றே முறையாகப் பழக்கப்பட்டிருந்தார்கள் என்பதையும், அப்படி நடத்தும் ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் கட்டமைப்புள்ள ஒரு கலந்துரையாடல் நடத்தப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் செய்தி முழுமை பெறும். வார்டின் பாதி நேரத்தை ஈடுகட்டியது பொம்மை மட்டும் அன்று, அந்த ஆசிரியர்கள் உட்பட்ட ஏற்பாடு முழுவதும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வகுப்பில் 60 பேர். ஒரு பொம்மை. ஒரு காட்சி 15 நிமிடம், அதன் மீதான கலந்துரையாடல் 30 நிமிடம். ஒரு காட்சியில் நான்கு பேருக்குத்தான் உண்மையான வேலை இருக்கும். அப்படியானால் 60 பேரும் ஒரே ஒரு முறை கை வைப்பதற்கு 15 காட்சிகள், அதாவது பதினொன்றேகால் மணி நேரம் வேண்டும். அத்தனை நேரமும் அந்தப் பொம்மையை இயக்கத் தெரிந்த ஒருவரும், கலந்துரையாடலை நடத்தத் தெரிந்த ஒருவரும் வேறு எந்த வகுப்பும் இல்லாமல் அங்கே இருக்க வேண்டும். கலந்துரையாடலைச் சுருக்கி நேரத்தை மிச்சப்படுத்தலாமே என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். அதைச் சுருக்கினால், வாங்கியதன் பலனையே சுருக்குகிறோம்.

நம் மண்ணின் பருவநிலையும் இதில் சேரும். தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரு பருவமழையையும் பெறும் மாவட்டம் இது. ஆண்டில் பல மாதங்கள் சுவரே வியர்க்கும் ஊர்களில், குளிரூட்டப்படாத அறையில் கிடக்கும் பொம்மையின் தோல் பிசுபிசுத்துப் பூசணம் பிடிக்கும். மின்பலகையில் ஈரம் ஏறும். பழுது பார்க்கும் ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் விலையுயர்ந்த பொம்மை ஒன்று கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைக்கப்பட்டு, ஆய்வுக் குழு வரும் நாள்களில் மட்டும் திறக்கப்பட்டது. பாழாகிவிடுமோ என்ற அச்சமே காரணம்; அந்த அச்சத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்த அலமாரியைக் கடந்து நான்காண்டு நடந்து சென்ற மாணவியர் ஒரு முறைகூட அதன் மார்பில் கை வைக்காமலே பட்டம் பெற்றுப் போனார்கள் என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

மூன்றாம் தெரிவு, எளிய பொம்மைகளும் அன்றாடப் பொருள்களும் கொண்ட திறன் பயிற்சி அறை. கூட்டங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். என் வாக்கு இதற்கே முதலில் விழும். சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தி மூச்சூதும் முதலுதவி, பழகுவதற்கான மார்பு வரை மட்டும் உள்ள பொம்மை சில பத்தாயிரங்களில் கிடைக்கிறது. குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு, 6 செ.மீ.யைத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தக் கற்பதற்குக் கண் சிமிட்டும் முகம் தேவையில்லை. ஆழம் சரியாக இருந்தால் 'டக்' என்று ஓசை எழுப்பும் ஒரு வில் போதும். ஆறு பொம்மைகளும் பன்னிரண்டு மாணவியரும் ஒரு மணி நேரமும் இருந்தால், இருவர் இருவராக மாறி மாறிச் செய்து, விளக்கத்துக்கும் திருத்தத்துக்கும் நேரம் போக, ஒவ்வொருத்திக்கும் இரண்டு நிமிடச் சுற்றுகள் எட்டுப் பத்தாவது கிடைக்கும். மேலே போட்ட கணக்கோடு இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

பிறந்த சிசுவுக்கான பயிற்சிப் பொம்மை ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நியோநாட்டலி என்று பெயர். மடித்தால் ஒரு பைக்குள் அடங்கிவிடும். அதற்குள் வெந்நீர் ஊற்றி நிரப்பினால், ஏறத்தாழ ஒரு சிசுவின் எடையும் வெதுவெதுப்பும் அதற்கு வந்துவிடும். கையில் ஏந்தியதும் கழுத்து தளர்ந்து தலை பின்னால் சாயும். அந்தக் கணமே மாணவியின் உள்ளங்கை தானாக விரிந்து தலையைத் தாங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ரப்பர்க் குமிழை அழுத்தினால் தொப்புள்கொடி துடிக்கும், மார்பு அசையும். குமிழைப் பிடித்திருப்பவர் அழுத்தாமல் நிறுத்திவிட்டால், மாணவி துடைத்து, முதுகைத் தேய்த்து, அதற்கும் அசையாவிட்டால் முகமூடியைச் சரியாகப் பொருத்தி, காற்றைச் செலுத்தும் ஆம்பு பேக்கை அழுத்த வேண்டும். முகமூடி ஓரத்தில் காற்று கசிந்தால் மார்பு ஏறாது, அவ்வளவு தெளிவாகத் தவறு தெரியும். பிறந்த முதல் 60 விநாடிகளுக்குள், பொன் நிமிடம் என்று பயிற்சியாளர்கள் சொல்லும் அந்த நேரத்துக்குள், சிசு மூச்சு விட வேண்டும் அல்லது அதற்குக் காற்று செலுத்தத் தொடங்க வேண்டும் என்பதைச் சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளோடு பழகிய கை எளிதில் மறக்காது. இதே வரிசையில் மாமாநாட்டலி என்ற கருவியை ஒரு பயிற்றுநர் தன் வயிற்றில் கட்டிக்கொண்டு படுத்தால், பிரசவத்தையும் அதற்குப் பின்வரும் ரத்தப்போக்கையும் நடத்திக் காட்டலாம். தாயாக நடிப்பவர் கத்துவதும் கையைப் பற்றி இழுப்பதும், மாணவி அவரிடம் ஆறுதலாகப் பேச மறப்பதும் அங்கே உடனே வெளிப்பட்டுவிடும்.

வாங்க வேண்டியதே இல்லாத பொருள்களும் உண்டு. தையல் பழகுவதற்கு நம் ஊர் நேந்திரன் பழத்தின் தடித்த தோல் நன்றாக உதவும். இழுப்பு அதிகமானால் தோல் கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். விடியும் முன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் உள்ள அருமனை, குலசேகரம் பக்கத்தில் பணி செய்யப்போகும் ஒரு செவிலியர் பாம்புக்கடிக்குரிய 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்ய வேண்டும். அதற்கு ஒரு சுத்தமான, உலர்ந்த, கண்ணாடிச் சோதனைக்குழாய் மட்டும் போதும். பிளாஸ்டிக் குழாய் கூடாது, 20 நிமிடம் அசைக்கக் கூடாது, நேரம் முடிந்ததும் ஒரு முறை மட்டும் சாய்த்துப் பார்க்க வேண்டும் என்ற மூன்றையும் ஒரு தடவை கையால் செய்தவர் பிறகு தவறுவது அரிது.

இந்த அறையின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. படிப்படியாக நிலை மோசமாகும் ஒரு நோயாளியைக் கவனித்து முடிவெடுப்பது, மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து நிலையைச் சுருக்கமாகச் சொல்வது, நாலு பேர் கொண்ட குழுவில் ஒருவர் தலைமை ஏற்பது ஆகியவற்றை எளிய பொம்மை அவ்வளவாகக் கற்றுத் தராது. மேலும், எளிய அறை என்றாலே அதற்கு ஆசிரியர் தேவையில்லை, மாணவியரே பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் எப்படியோ வந்துவிடுகிறது. பார்த்துத் திருத்த ஆள் இல்லாத அறையில் திரும்பத் திரும்பச் செய்தால் தவறுதான் உறுதிப்படும்.

நான்காவது, மாணவியரை வெளியூர் மையத்துக்கு ஒரு வாரம் அழைத்துச் செல்வது. திருவனந்தபுரம் நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டருக்குள் உள்ளது. சென்னை போரூர் போன்ற இடங்களில் பெரிய வசதிகள் உள்ளன. கண்டு வியக்க அது நல்லது. ஆசிரியர்கள் போய்க் கற்றுவருவது மிக நல்லது. மாணவியருக்கு அதையே முதன்மைப் பயிற்சியாக வைப்பதை நான் ஏற்கவில்லை. சி.பி.ஆர். போன்ற திறன்கள் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே தேயத் தொடங்குகின்றன என்பது பல ஆய்வுகளில் உறுதியான செய்தி. ஆண்டுக்கு ஒரு வாரம் என்பதைவிட மாதத்துக்கு அரை மணி நேரம் என்பதே கைக்குப் பொருந்தும்; அரை மணி நேரத்துக்காக எவரும் சென்னை போக முடியாது.

ஐந்தாவதாக, பல கல்லூரிகள் கூடி மாவட்டத்துக்குப் பொதுவாக ஒரு சிமுலேஷன் மையம் அமைப்பது. கணினிப் பொம்மை வேண்டும் என்றால் அதற்குரிய சரியான வடிவம் இதுவே என்பது என் கருத்து. ஒரு கல்லூரியில் ஆண்டில் சில நாள்கள் மட்டும் இயங்கும் கருவி, ஆறேழு கல்லூரிகள் முறைவைத்துப் பயன்படுத்தினால் நாள்தோறும் இயங்கும். அதற்கென்றே ஒரு தொழில்நுட்பரையும் பழகிய இரண்டு பயிற்றுநர்களையும் சம்பளத்தில் வைக்க முடியும். இடம் எது என்று கேட்டால், எல்லாவற்றையும் நாகர்கோவிலில் வைக்கும் வழக்கத்தை விட்டு, தக்கலையைச் சொல்வேன். குலசேகரத்திலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் நேரே பேருந்து உண்டு. பத்மநாபபுரம் அரசு மருத்துவமனை அருகிலேயே உள்ளது. புதிதாகக் கட்டுவதற்கு முன் கேட்டுப் பார்க்க வேண்டிய கதவுகளும் உள்ளன. 150 பேர் வரை சேர்க்கும் மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றும் குறைந்தது 600 சதுர மீட்டரில் திறன் ஆய்வகம் வைத்திருக்க வேண்டும் என்பது தேசிய மருத்துவ ஆணையத்தின் விதி. ஆசாரிப்பள்ளத்திலும் குலசேகரத்திலும் மருத்துவக் கல்லூரிகள் இருக்கும்போது, மாலை நேரங்களில் நர்சிங் மாணவியருக்கு இடம் தர முடியுமா என்று முறைப்படி ஒரு கடிதம் எழுதுவதற்குச் செலவு ஏதும் இல்லை. மருத்துவ மாணவரும் நர்சிங் மாணவியரும் ஒரே காட்சியில் சேர்ந்து பழகினால், பின்னாளில் வார்டில் சேர்ந்து வேலை செய்வதற்கும் அது உதவும்.

பொது மையத்தில் பொம்மைக்கு முன்பாகச் சேர்க்க வேண்டியவர்கள் நடிக்கப் பழகிய நோயாளிகள். நோயாளியாக நடிக்க மனிதர்களைப் பழக்கும் முறையை அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் 1960களில் தொடங்கிவைத்தார். நமக்கு அதில் ஒரு தனித் தேவை உண்டு. வேறு மாவட்டங்களிலிருந்து இங்கே படிக்க வரும் பிள்ளைகளுக்கு, விளவங்கோடு பக்கத்து முதியவர் ஒருவர் "ஒரே சீணமா இருக்கு, நடந்தா இளைப்பு வருது" என்று சொல்வதன் எடை உடனே விளங்குவதில்லை. சீணம் என்பது சோர்வு என்றும், நடந்தால் இளைப்பு என்பது இதயத்தைக் கவனிக்கச் சொல்லும் அறிகுறி என்றும் புரிந்துகொள்ள, இந்த ஊர்ப் பேச்சுப் பேசுகிற ஒருவர் எதிரே உட்கார வேண்டும். ஓய்வுபெற்ற செவிலியர்களும் உள்ளூர் நாடகக் குழுவினரும் இதற்கு மனமுவந்து வருவார்கள் என்றே நம்புகிறேன். அவர்களுக்கு வழிச்செலவும் மதிப்பூதியமும் தர வேண்டும்.

பொது மையத்தின் பெரிய தடை பணம் அன்று. யார் நடத்துவது, யாருடைய பெயர்ப்பலகை, எந்தக் கல்லூரிக்கு எந்தக் கிழமை என்பவைதாம். இவற்றை எழுத்தில் தீர்க்காமல் கட்டடத்தைத் தொடங்கினால் இரண்டாம் ஆண்டிலேயே பூட்டு விழும். ஆகவே இதைக் கடைசியில் செய்ய வேண்டிய வேலையாக வைக்கிறேன்.

60 பேர் படிக்கும் ஒரு கல்லூரியின் கையில் ஒரு தொகை இருந்தால் நான் இப்படிச் செலவிடச் சொல்வேன். முதலில் இரண்டு ஆசிரியர்களை வெளியூருக்கு அனுப்பி, காட்சி நடத்தவும் கலந்துரையாடவும் முறையாகக் கற்றுவரச் செய்ய வேண்டும். அடுத்து ஈரம் ஏறாத ஓர் அறை, ஆறு மார்புப் பொம்மைகள், நான்கு சிசுப் பொம்மைகள், ஊசி போட்டுப் பழகும் ரப்பர்க் கைகள், அவற்றில் தேய்ந்து போகும் தோலையும் நரம்பையும் ஆண்டுதோறும் மாற்றுவதற்கு ஒதுக்கிய தொகை. வார்டு போஸ்டிங்கை ஒரு மணி நேரம்கூடக் குறைக்கக் கூடாது. மாறாக, மருத்துவமனையில் பணி செய்யும் அனுபவமுள்ள செவிலியர்களில் விருப்பமுள்ளவர்களை வழிகாட்டிகளாக அமர்த்தி, அவர்களுக்கு ஊதியம் தந்து, ஒருவரிடம் மூன்று மாணவியருக்கு மேல் ஒப்படைக்காமல் இருக்க வேண்டும். அறையில் ஒரு செயலைத் தவறின்றிச் செய்து காட்டி ஆசிரியரின் கையெழுத்தைப் பெற்ற பிறகே அந்தச் செயலை நோயாளியிடம் செய்யலாம் என்ற விதியையும், லாக் புக்கில் 'பார்த்தது' 'செய்தது' என்று இரண்டு தனிப் பத்திகளையும் அதே ஆண்டில் கொண்டுவந்துவிடலாம். வாரத்தில் மூன்று மாலைகள், ஐந்தரை மணி முதல் ஏழரை மணி வரை, ஓர் ஆசிரியர் அந்த அறையில் இருக்க வேண்டும். அந்த நேரம் அவருடைய பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். அறையின் சாவி முதல்வரின் மேசைக்குள் இருக்கக் கூடாது. விடுதி வாசலில், பதிவேட்டின் பக்கத்தில், எந்த மாணவியும் கையெழுத்திட்டு எடுத்துக்கொள்ளும்படி ஆணியில் தொங்க வேண்டும்.